ஒன்றே முக்கால் ரூபாய்ப் பத்திரிகை



உங்க ஸ்கூல்ல ஆண்டு மலர்னு ஒண்ணு வந்திருக்கும். முதல்வர் செய்தி, விளையாட்டு விழா போட்டோ, நாலு பொன்மொழி, ரெண்டு விடுகதை. கடைசிப் பக்கத்தில் மாணவ ஆசிரியர் குழுன்னு நம்ம பெயரும் இருக்கும். அதைப் படிச்சு யாருக்காவது கோபம் வந்ததா? ஒரு விஷயமாவது மாறினதா? பெரும்பாலும் இருக்காது.

அதனால இந்த இதழில் ஒரு ஸ்கூல் வாத்தியாரைப் பற்றிச் சொல்றேன். அவர் பெயர் ஜி. சுப்பிரமணிய ஐயர். நம்ம வயசில் பத்திரிகை ஆரம்பிச்சவர். ஆரம்பிச்சதை விட, அதுக்கு அப்புறம் அவர் என்ன செஞ்சார்ங்கிறதுதான் முக்கியம்.

1855-ல் தஞ்சாவூர் பக்கம் திருவையாற்றில் பிறந்தார். 13 வயசில் அப்பாவை இழந்தார். தஞ்சாவூரில் படிப்பை முடிச்சு, சென்னைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி எடுத்து, ஸ்கூல் வாத்தியார் ஆனார். வேலை பார்த்துக்கிட்டே தனியாகப் படிச்சு பி.ஏ. பாஸ் செய்தார். மாலை நேரத்தில் திருவல்லிக்கேணியில் நண்பர்களோடு கூடி நாட்டு நடப்பைப் பேசுவார். நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடி மாதிரி ஒரு கூட்டம்னு வச்சுக்கோங்க.

அந்தச் சமயத்தில் டி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். வெள்ளைக்காரர்கள் நடத்தின பத்திரிகைகள் அந்த நியமனத்தைத் தாக்கி எழுதின. பதில் சொல்ல நம்மகிட்ட ஒரு பத்திரிகை இல்லை.

மொட்டை மாடிக் கூட்டம் என்ன செய்யும்? திட்டும், டீ குடிக்கும், கலைஞ்சு போகும். இவங்க கலையலை. 1 ரூபாய் 12 அணா, அதாவது ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20-ஆம் தேதி 80 பிரதி அச்சடிச்சாங்க. 8 பக்கம், நாலணா விலை, வாரம் ஒரு இதழ். அதுதான் ‘தி இந்து’. ஆரம்பிச்சவங்க 6 பேர். சுப்பிரமணிய ஐயருக்கு 23 வயசு. இன்னொரு ஆசிரியர் வீரராகவாச்சாரியார், அவருக்கு 21. மீதி 4 பேரும் சட்டம் படிச்சுக்கிட்டிருந்த மாணவர்கள்.

இப்ப கவனிங்க. அந்த 4 மாணவர்களும் படிப்பை முடிச்சு, வக்கீல் தொழிலுக்குப் போயிட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது. நம்ம பாஷையில் சொன்னா பிளேஸ்மென்ட் ஆயிடுச்சு. பத்திரிகை ரெண்டு வாத்தியார் தலையில் நின்னது.

வாத்தியார் வேலையையும் அவர் உடனே விடலை. 1879-ல் திருவல்லிக்கேணி ஆங்கிலோ வெர்னாகுலர் ஸ்கூலுக்குத் தலைமையாசிரியர் ஆனார். 1888-ல் ஆரியன் ஹைஸ்கூல்னு ஒரு பள்ளியையே தொடங்கினார். அதுக்கு நடுவில் 1883-ல் ‘தி இந்து’ வாரம் 3 முறை வர ஆரம்பிச்சது. 1889 ஏப்ரல் 1 முதல் நாளிதழ் ஆனது. 1885-ல் பம்பாயில் கூடின முதல் காங்கிரஸில் 72 பேர் கலந்துக்கிட்டாங்க. அங்கே முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தது இந்த முன்னாள் ஸ்கூல் வாத்தியார்தான்.

இதெல்லாம் இங்கிலீஷில் ஜெயிச்ச கதை. எனக்குப் பெரிசாத் தெரியுறது 1882-ல் அவர் செஞ்ச வேலை.

நான் பாளையம்பட்டிக்காரன். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வந்திருந்தீங்கன்னா தெரியும், வானம் பார்த்த பூமி. ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம். கண்மாயை ஏன் தூர் வாரலைன்னு, நெசவுக் கூலி ஏன் ஏறலைன்னு நான் இங்கிலீஷில் நல்லாவே ஒரு கட்டுரை எழுதிடுவேன். யார் படிப்பாங்க? கலெக்டர் ஆபீஸில் ஒருத்தர் படிக்கலாம். மழை பெய்ஞ்சா விதைக்கலாம்னு காத்திருக்கிறவர் படிக்க மாட்டார். அவரைப் பற்றித்தான் கட்டுரை, ஆனா அவருக்கு அதில் இடம் இல்லை.

இதே இக்கட்டு சுப்பிரமணிய ஐயருக்கும் இருந்தது. ஆளுறவங்களுக்குப் பதில் சொல்ல இங்கிலீஷ் போதும். ஆளப்படுறவங்களோட பேச அது போதாது. அதனால 1882-ல் ‘சுதேசமித்திரன்’னு ஒரு தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அரசாங்க வரவு செலவு, வரி, தேர்தல், உரிமை இதையெல்லாம் செய்தியாத் தமிழில் எழுதணும். பல விஷயத்துக்கு வார்த்தையே பழக்கத்தில் இல்லை. கிடைச்ச சமஸ்கிருத வார்த்தை, இங்கிலீஷ் வார்த்தை எல்லாத்தையும் சேர்த்துத்தான் அந்தத் தமிழ் ஓடுச்சு. சுத்தமா வர்ற வரைக்கும் அவர் காத்திருக்கலை. ஊர் ஊராகப் போய்த் தமிழிலேயே பேசவும் செய்தார்.

அடுத்தது அவர் வீட்டு விஷயம். பெண்கள் கல்வி வேணும், குழந்தைத் திருமணம் கூடாது, விதவைகள் மறுமணம் செய்யணும்னு எழுதிக்கிட்டு இருந்தவர் அவர். அவருடைய மகளே சின்ன வயசில் கணவனை இழந்தாள். எழுதினதை மறந்துட்டு ஊரோட ஒத்துப் போயிருக்கலாம். அவர் 1889 டிசம்பரில், பம்பாயில் காங்கிரஸ் நடந்த சமயத்தில், மகளுக்கு மறுமணம் செஞ்சு வச்சார். சொந்தக்காரர்கள் ஒதுக்கி வச்சாங்க. சீர்திருத்த விஷயத்தில் அவர் காட்டின வேகம் பங்காளி வீரராகவாச்சாரியாருக்கும் ஒத்து வரலை. 1898-ல் கூட்டு பிரிஞ்சது. 20 வருஷம் வளர்த்த ‘தி இந்து’வை விட்டு அவர் வெளியே வந்தார்.

வெளியே வந்தவர் கையில் இருந்தது தமிழ்ப் பத்திரிகைதான். 1899-ல் ‘சுதேசமித்திர’னை நாளிதழ் ஆக்கினார். 1904-ல் மதுரை சேதுபதி ஹைஸ்கூலில் மூணு மாசம் போல தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த ஒரு எட்டயபுரத்து இளைஞரை உதவி ஆசிரியராகச் சேர்த்துக்கிட்டார். அந்த இளைஞருக்கு 22 வயசு இன்னும் முடியலை. அவர்தான் பாரதியார். இங்கிலீஷில் வர்ற செய்தியை எல்லாருக்கும் புரியுற தமிழில் தரும் பயிற்சி பாரதிக்கு அந்த ஆபீஸில்தான் கிடைச்சது. நம்ம கரிசல் பக்கத்து ஆளைப் பத்திரிகைக்காரர் ஆக்கினது இந்தத் திருவையாற்று வாத்தியார்.

1908-ல் ராஜத்துரோகக் குற்றம்னு சுப்பிரமணிய ஐயரைக் கைது செஞ்சாங்க. ஏற்கெனவே உடம்பு முடியாதவர். நிபந்தனை போட்டுத்தான் விட்டாங்க. 1916 ஏப்ரல் 18-ல், 61 வயசில் காலமானார். அவருக்குப் பிறகும் ‘சுதேசமித்திரன்’ பல பத்தாண்டு வந்தது.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். இந்த இதழை நடத்துற ஃபைனல் இயர் ஆளுங்க நாங்க சீக்கிரம் கிளம்பிடுவோம், அந்த 4 சட்ட மாணவர்கள் மாதிரி. செகண்ட் இயர், தேர்ட் இயர் படிக்கிற உங்களில் ரெண்டு பேர் நின்னா போதும். கடன் கூட வாங்க வேண்டாம். அச்சுக் கூலியும் இல்லை, செல்போன் இருந்தா இதழ் வந்துடும்.

தமிழ் சரியா வராதுன்னு தயங்காதீங்க, எனக்கும் பிழை வரும், திருத்திக்கலாம். தலைமைன்னா மேடையில் பேட்ஜ் குத்திக்கிறதுன்னு ஸ்கூலில் நமக்குப் பழக்கிட்டாங்க. எல்லாரும் போன பிறகும் அடுத்த இதழைக் கொண்டுவர்றவர்தான் தலைவர். எழுத உட்காரும்போது ஒண்ணே ஒண்ணு மட்டும் யோசிங்க: இது யாரைப் பற்றியதோ, அவங்களால இதைப் படிக்க முடியுமா?

முடியும்னா எழுதி அனுப்புங்க. அடுத்த இதழில் இடம் இருக்கு.