வைத்தியர் யானுஷ் கோர்ச்சாக்

சிறுவர் நெஞ்சில் அச்சம் வேரூன்றுமுன் அதற்கு மருந்து தேடிய வைத்தியர் ஒருவர் போலந்து தேசத்தில் வாழ்ந்தார். ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட் என்பது இயற்பெயர்; யானுஷ் கோர்ச்சாக் என்பது நூலெழுதப் பூண்ட பெயர். வார்ஸா நகரில் யூத குலத்துதித்த இவர், அச்சத்தின் இயல்பைத் தம் இளமையிலேயே அறிந்தவர். தந்தையார் சித்தங்கலங்கி 1896-ஆம் ஆண்டில் மறைந்தார். அந்நோய் தம்மையும் பற்றுமோ என்னும் திகில் மைந்தரை நெடுங்காலம் வருத்திற்று.

குழந்தை வைத்தியத்திற் பெயர்பெற்றிருந்தும், 1912-இல் க்ரோஹ்மால்னா வீதியில் திறக்கப்பெற்ற யூத அநாதைச் சிறார் இல்லத்தின் தலைமையை விரும்பி ஏற்றார். அவ்வில்லத்திலே அவர் வைத்த தபாற்பெட்டி குறிப்பிடத்தக்கது. வாய்திறந்து சொல்லக் கூசும் முறையீடுகளையும் ஏக்கங்களையும் பிள்ளைகள் காகிதத்தில் எழுதி அதனுள் இடுவர். எழுதப் புகுங்கால் சிறியது எது, பெரியது எது என்பது தானே விளங்கும். விடைக்குக் காத்திருக்கும் பொறுமையும் வரும். செலவேதுமில்லாத இவ்வேற்பாடு நம் பள்ளிகளில் அரிதாயிருப்பது வியப்பே.

அப்பெட்டியே பின்னர்ப் பத்திரிகையாக வளர்ந்தது எனலாம். 1926 முதல் 1939 வரை, வார்ஸாவின் யூத நாளிதழ் ஒன்றன் இணைப்பாகச் சிறுவரே எழுதிய வாரத்தாள் வெளிவந்தது. முதலில் அதனை நடத்தியவர் கோர்ச்சாக். வானொலியிலும் அவர் 'முதிய வைத்தியர்' என்னும் பெயருடன் பேசினார்.

ஜெர்மானியர் போலந்தைக் கைப்பற்றியபின், 1940-இல் இல்லம் மதில்சூழ்ந்த யூதச் சேரிக்குள் தள்ளப்பட்டது. பசியும் நோயும் மிகுந்த அவ்விடத்தே, 1942 ஜூலை 18-இல், பிள்ளைகள் இரவீந்திரநாத தாகூரின் 'தபால் நிலையம்' என்னும் நாடகத்தை நடித்தனர். அறையைவிட்டு வெளியேறலாகாத நோயாளிச் சிறுவன் அமல், சாளரத்தருகே அரசனது கடிதத்திற்குக் காத்திருக்கும் கதை அது. மரணத்தைக் கலங்காது ஏற்கப் பிள்ளைகள் பழகவேண்டுமென்றே அதனைத் தெரிந்ததாக அவர் கூறினார் என்பர். பிஞ்சு உள்ளங்களுக்கு இது தகுமோ என நாம் ஐயுறலாம். உண்மையை மறைப்பது அச்சத்தை வளர்க்கும் என்பது அவர் துணிபு.

மூன்று வாரமும் கழியவில்லை. ஆகஸ்ட் 5-இல் ஏறக்குறைய இருநூறு பிள்ளைகளை இரயிலேற்ற அழைத்துச் சென்றனர். தப்பிச் செல்லுமாறு நண்பர் பன்முறை வேண்டியும் இசையாத கோர்ச்சாக், முப்பதாண்டு உடனுழைத்த ஸ்தெபானியா வில்சின்ஸ்கா அம்மையாருடன், பிள்ளைகளோடு நடந்தார். இரயில் த்ரெப்லிங்காக் கொலைக்களத்தை அடைந்தது. அவருள் எவரும் மீளவில்லை.