லத்தீன் தெரியாததால் தேர்வு எழுத முடியாதவர்... நோபல் வாங்கியது எப்படி? யார் இந்த வாண்டர் வால்ஸ்?

பிளஸ் ஒன்னில் வேதியியல் படித்தவர்களுக்கு வாண்டர் வால்ஸ் சமன்பாடு ஞாபகம் இருக்கும். அதில் வரும் 'ஏ', 'பி' என்ற இரண்டு எழுத்துகளைப் பலர் மனப்பாடம் செய்தே கடந்திருப்பார்கள். அந்தப் பெயருக்குரியவர் பல வருடம் பல்கலைக்கழகத் தேர்வே எழுத முடியாமல் இருந்தவர்.

யோஹானஸ் டிடெரிக் வாண்டர் வால்ஸ் 1837-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பிறந்தார். அப்பா தச்சர். பத்துப் பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே 1862 முதல் லைடன் பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்டார். கேட்கலாம், அவ்வளவுதான். தேர்வு எழுத லத்தீனும் கிரேக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. இயற்பியலுக்கு எதற்கு கிரேக்கம் என்று இன்று கேட்போம். அன்று அதுதான் வாசல். பிறகு சட்டம் மாறி விலக்கு கிடைத்தது. 1873-ல், 35 வயதில் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார்.

அதில் அப்படி என்ன இருந்தது? அதுவரை இருந்த வாயு விதி, மூலக்கூறுகள் இடமே அடைக்காது, ஒன்றையொன்று இழுக்காது என்று எடுத்துக்கொண்டது. அது முழு உண்மை என்றால் நீராவி ஒருபோதும் தண்ணீராக மாறாது. வாண்டர் வால்ஸ் இரண்டு திருத்தம் செய்தார். மூலக்கூறுக்குப் பருமன் உண்டு, அது 'பி'. மூலக்கூறுகள் ஒன்றையொன்று மெல்ல ஈர்க்கின்றன, அது 'ஏ'. வாயுவிலும் திரவத்திலும் இருப்பது அதே மூலக்கூறுகள், அதே ஈர்ப்பு என்றார். மூலக்கூறு என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா என்றே சில பெரிய விஞ்ஞானிகள் சந்தேகப்பட்ட காலம் அது!

ஆய்வேடு டச்சு மொழியில் இருந்தது. அதற்காகவே சிலர் டச்சு கற்கத் திரும்பினார்கள் என்று மேக்ஸ்வெல் குறிப்பிட்டார். மொழி தெரியாததால் தடுக்கப்பட்டவருக்கு இதைவிட நல்ல பதில் கிடைத்திருக்காது.

1877-ல் ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியர் ஆனார். 1881-ல் மனைவி அன்னா மக்டலேனா காசநோயால் இறந்தார். வயது 34. நான்கு பிள்ளைகள். அடுத்த சுமார் பத்து வருடம் அவரிடமிருந்து ஆய்வுக் கட்டுரை எதுவும் வரவில்லை.

ஆனால் அவர் 1880-ல் சொன்ன ஒரு விதி வேலை செய்துகொண்டே இருந்தது. எந்த வாயுவை எவ்வளவு குளிர்வித்தால் திரவமாகும் என்று முன்கூட்டியே கணிக்க அது உதவியது. 1898-ல் ஹைட்ரஜனும், 1908-ல் ஹீலியமும் திரவமாக்கப்பட்டதில் அந்த விதிக்குப் பங்குண்டு. இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரங்களின் காந்தத்தைக் குளிர்விப்பது அந்தத் திரவ ஹீலியம்தான்.

1910-ல் நோபல் வந்தது. 1923-ல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். மின்சுமை சமமாக இருக்கும் மூலக்கூறுகள் கூட ஏன் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பதற்கு, எலக்ட்ரான்களின் இடைவிடாத அசைவை வைத்து ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கம் தந்தது 1930-ல்.