மடக்கொம்பரையில் பிறந்த எழுத்தாளர்



பெரிய எழுத்தாளர்களின் பிள்ளைப் பருவத்தைச் சொல்லும் சிறுவர் நூல்கள், பள்ளிப் பரிசாக உங்கள் இல்லத்திற்கும் வந்திருக்கலாம். தாகூர் தம் இளமைக் கதையைச் சிறுவருக்கென்றே 1940இல் ஒரு நூலாக எழுதினார். இத்தகைய நூல்களை உங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். ஆனால் எழுத்தாளர் என்போர் எங்கோ தொலைதூரத்தில்தான் பிறப்பர் என்று நம் தோட்டத்துப் பிள்ளை எண்ணிவிடலாகாது. ஆகவே இவ்வாரம் நம்மவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பிள்ளைகளை அருகே அழைத்து இதை வாசித்துக் காட்டுங்கள்.

1914ஆம் ஆண்டு வட்டகொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில் சி. வி. வேலுப்பிள்ளை பிறந்தார். கங்காணிக் குடும்பத்துப் பிள்ளை அவர். இதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நாளில் லயத்துப் பிள்ளைகள் பலர் சிறு வயதிலேயே பெரட்டுக்குப் போய்ப் பேர் பதிந்தனர். இவரோ கொழும்பு நாலந்தா கல்லூரி வரை சென்று ஆங்கிலம் கற்றார். அறிவில் அந்தப் பிள்ளைகள் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு வாய்ப்புத்தான் கிட்டவில்லை.

எனினும் விடியுமுன் ஒலிக்கும் தப்பு, தொட்டிலருகே தாலாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி, மாசி மாதத்தில் காமன் கூத்து ஆகியவை அந்நாளில் தோட்டத்தில் வளர்ந்த எல்லாப் பிள்ளைகளின் காதிலும் விழுந்தவையே. படித்து மேலே சென்றவர்களுள் பலர் அந்த ஓசையை மறக்க விரும்பினர். வேலுப்பிள்ளை மறக்கவில்லை.

1947இல் தலவாக்கலைத் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அவ்வாண்டு இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் வென்ற எழுவருள் அவரும் ஒருவர். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது; தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. பேச மன்றம் இல்லாதபோதும் அவரிடம் பேனா இருந்தது. தேயிலைத் தோட்டத்தின் துயரை ஆங்கிலக் கவிதையாக்கி, தேநீர் அருந்தும் உலகம் அறியச் செய்தார். அக்கவிதை 1969இல் சக்தி பாலையாவின் தமிழாக்கத்தில் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று வெளிவந்தது. 'வீடற்றவன்' முதலிய நாவல்களையும் அவர் எழுதினார்.

முதுமையிலும் அவர் இளமையில் கேட்டதையே நாடினார். எழுதப்படிக்க அறியாத தாய்மார் பாடிவந்த பாடல்களைத் திரட்டினார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற அத்தொகுப்பு 1983இல் அச்சாயிற்று. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் அன்று எழுதி வைத்திராவிட்டால், அப்பாடல்களுள் எத்தனை பாடியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்!

அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் அவர் வாழ்வு நமக்கு ஒரு நற்செய்திப் பகுதியை நினைவூட்டுகிறது. நாசரேத்தூரிலிருந்து நல்லது எதுவும் வரக்கூடுமா என்று நத்தானியேல் ஐயுற்றார் அல்லவா? வந்து பார்க்கும்படி பிலிப்பு அவரை அழைத்தார். அவரும் வந்து ஆண்டவரைக் கண்டுகொண்டார். நம் லயங்களைப் பற்றியும் உலகம் அவ்வாறே ஐயுறுகிறது. வருந்தத்தக்கது என்னவெனில், சில வேளைகளில் நாமும் அப்படியே நினைக்கிறோம்.

பெற்றோரே, குடும்பக் கஷ்டத்தால் பிள்ளையின் படிப்பை நிறுத்திக் கொழும்புக் கடைக்கு அனுப்ப எண்ணுகிறீர்களா? உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. இருப்பினும் அந்த முடிவை எடுக்குமுன் ஆசிரியரிடமோ பங்குத் தந்தையிடமோ ஒருமுறை பேசுங்கள். ஒரு பிள்ளைக்குக் கிடைத்த கல்வி ஒரு சமூகத்தின் குரலாயிற்று என்பதை இப்போது படித்தீர்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. வரும் ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பியதும் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ போய் அமருங்கள். அவர்கள் கொழுந்து பறிக்கையில் பாடிய பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். அதைச் சொல் மாறாமல் உங்கள் அப்பியாசக் கொப்பியில் எழுதி, கீழே அவர்கள் பெயரையும் எழுதி வையுங்கள்.