புகையில் ஆற்றல் கண்ட பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நீராவி எந்திரம் என்றதும் ஜேம்ஸ் வாட் நினைவுக்கு வருகிறார். மின்விளக்கு என்றால் எடிசன். டீசல் என்ற சொல்லோ ருடால்ப் டீசல் என்ற மனிதரின் பெயரேதான். ஆனால் பேருந்திலும் லாரியிலும் கப்பலிலும் ரயிலிலும் இன்று அயராது உழைக்கும் டர்போசார்ஜர் என்னும் கருவியைத் தந்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். தியாகராய நகரிலிருந்து புறப்பட்ட பேருந்து அண்ணா மேம்பாலத்தில் ஏறும்போது, என்ஜினின் இரைச்சலுக்கிடையே மெல்லிய சீழ்க்கை ஒலி ஒன்று கேட்பதுண்டு. அந்த ஒலிக்குச் சொந்தக்காரர், பொறியியல் உலகம் போற்றும் ஸ்விட்சர்லாந்து நாட்டு மேதை ஆல்பிரட் பியூக்கி ஆவார்.

பிறப்பும் கல்வியும்

பியூக்கி 1879 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11 ஆம் நாள் விண்டர்தூர் என்ற தொழில் நகரில் பிறந்தார். தந்தையார் ஜோஹன் பியூக்கி, புகழ்பெற்ற சுல்சர் எந்திரத் தொழிற்சாலையில் உயர்பதவி வகித்தவர். ஆகவே எந்திரங்களின் ஓசை பியூக்கிக்குத் தாலாட்டாகவே இருந்திருக்க வேண்டும். 1899 இல் சூரிச் நகரப் பல்தொழிற் கல்லூரியில் சேர்ந்து, 1903 இல் எந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார். இயற்பியல் மாணவர்களாகிய நமக்கு ஒரு செய்தி சுவையூட்டும். ஐன்ஸ்டைன் பிறந்ததும் அதே 1879 இல்தான். அவர் பயின்றதும் அதே கல்லூரியில்தான். ஐன்ஸ்டைனுக்கு அழியாப் புகழ் தந்த 1905 ஆம் ஆண்டே பியூக்கியின் வாழ்விலும் திருப்புமுனையாக அமைந்தது.

இருபத்தாறு வயதில் எழுந்த எண்ணம்

பட்டம் பெற்றபின் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் பணிபுரிந்த பியூக்கியின் உள்ளத்தை ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. என்ஜினில் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, புகையோடு புகையாக வெளியே போய்விடுகிறதே! விலை கொடுத்து வாங்கிய ஆற்றலை வானத்துக்குத் தானம் செய்வதா?

அவர் கண்ட வழி எளியது. வெளியேறும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு விசையாழியைச் சுழல விட வேண்டும். அந்தச் சுழற்சியால் காற்றமுக்கி ஒன்றை இயக்க வேண்டும். அமுக்கப்பட்ட காற்றை மீண்டும் என்ஜினுக்கே ஊட்ட வேண்டும். காற்று மிகுந்தால் கூடுதல் எண்ணெய் எரியலாம். கூடுதல் எண்ணெய் எரிந்தால் கூடுதல் திறன் கிடைக்கும். இக்கருத்துக்கு 1905 நவம்பர் 16 ஆம் நாளிட்ட ஜெர்மானியக் காப்புரிமையைப் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தாறு.

தோல்வியின் காலம்

காகிதத்தில் இனித்த கருத்து களத்தில் கசந்தது. 1909 இல் சுல்சர் நிறுவனத்தில் சேர்ந்த பியூக்கி, 1911 முதல் சோதனைகளில் இறங்கினார். 1915 அளவில் முன்மாதிரி ஒன்று உருவாயிற்று. அது ஓடியது, ஆனால் நம்பி ஓட்டத்தக்கதாக இல்லை.

காரணம் என்ன? கூடுதல் எண்ணெய் எரிந்தால் கூடுதல் வெப்பம் பிறக்கும். பிஸ்டனின் தலைப்பகுதியும், கழிவு வாயு வெளியேறும் வால்வும், விசையாழியின் இதழ்களும் அந்த வெப்பத்தைத் தாங்க வேண்டும். அக்கால உலோகங்கள் தளர்ந்தன. மேலும், கழிவு வாயு வெளியேற முடியாமல் தேங்கினால், அது புதுக் காற்றுக்கு இடம் விடாமல் உருளைக்குள்ளேயே தங்கிவிடும். என்ஜினுக்கு மூச்சுக் கொடுக்க வந்த கருவி, மூச்சை அடைக்கும் கருவியாகிவிடும்!

இதே காலத்தில் பிறரும் இத்துறையில் முயன்றனர். பிரான்சில் ராட்டோ என்பவர் விமான என்ஜின்களுக்கு இதைப் பொருத்த முனைந்தார். அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்பவர் 1918 இல் ஒரு விமான என்ஜினைச் சுமார் 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் மலையுச்சிக்கே கொண்டு சென்று சோதித்தார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த என்ஜின், மலைமேல் காற்று மெலிந்ததால் 230 ஆகக் குன்றியது. டர்போசார்ஜர் பூட்டியதும் 356 ஆக உயர்ந்தது. உதகை ஏறும் வண்டிகள் திணறுவதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

வெற்றியின் இரகசியம்

பியூக்கி மனம் தளரவில்லை. 1925 இல் அவர் புதிய காப்புரிமை ஒன்றுக்கு வழி கண்டார். அதில் இரண்டு நுட்பங்கள் இருந்தன.

முதலாவது, கழிவுக் குழாய்களைப் பிரித்தமைத்தது. எல்லா உருளைகளும் ஒரே குழாயில் வாயுவை விட்டால், ஓர் உருளையின் அழுத்த அலை மற்றோர் உருளையின் வாயிலை அடைத்து நிற்கும். ஒன்றோடொன்று மோதாத உருளைகளை மட்டும் ஒரு குழாயில் இணைத்தார் பியூக்கி.

இரண்டாவது, காற்று நுழையும் வால்வையும் கழிவு வெளியேறும் வால்வையும் சிறிது நேரம் ஒருசேரத் திறந்து வைத்தது. அந்தக் கணத்தில் புதுக் காற்று உருளையினூடே பாய்ந்து, பழைய வாயுவைக் கூட்டித் தள்ளியதோடு, கொதித்துக் கிடந்த பிஸ்டனையும் வால்வையும் குளிர்வித்தது. எந்தக் காற்று வெப்பத்தை வளர்த்ததோ, அதே காற்றைக் கொண்டே வெப்பத்தை அடக்கினார் அவர்!

1926 இல் மிதந்த பிராய்சன், ஹான்சஸ்டாட் டான்சிக் என்னும் இரு ஜெர்மானியக் கப்பல்கள் இம்முயற்சிக்குச் சான்றாயின. அவற்றின் பத்து உருளை டீசல் என்ஜின்கள் டர்போசார்ஜரின் துணையால் 1750 குதிரைத்திறனிலிருந்து 2500 ஆக உயர்ந்தன. பிறகு பிரவுன் போவரி நிறுவனத்தோடு இணைந்து பியூக்கி கூட்டமைப்பு உருவாயிற்று. 1938 இல் சாரர் என்னும் ஸ்விஸ் நிறுவனம் லாரிகளிலும் இக்கருவியைப் புகுத்தியது. அதே ஆண்டில் அவர் பயின்ற சூரிச் கல்லூரி மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்துத் தன் மாணவரைப் பெருமைப்படுத்தியது. 1959 அக்டோபர் 27 ஆம் நாள், பிறந்த ஊரிலேயே அவர் இயற்கை எய்தினார்.

அவருக்குப் பின்

டர்போசார்ஜர் பூட்டிய கார்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1962 இல்; அதைக் காண பியூக்கி இல்லை. அவற்றுள் ஒன்று ஓல்ட்ஸ்மொபில் நிறுவனத்தின் ஜெட்பயர். பெட்ரோல் என்ஜினில் காற்றை மிகுதியாக அமுக்கினால், சுடர் பரவும் முன்னரே கலவை தானாக வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். நம் மெக்கானிக்குகள் இதனை நாக்கிங் என்பர். இதைத் தடுக்க ஜெட்பயரில் நீரும் மெதில் ஆல்ககாலும் கலந்த திரவம் ஒரு தொட்டியில் வைக்கப்பட்டது. பலர் அதை நிரப்ப மறந்தனர். தொட்டி வற்றியதும் கார் தன் வேகத்தை இழந்தது, குறைகள் குவிந்தன. 1963 ஆம் ஆண்டோடு அந்தக் கார் நின்றுபோயிற்று. பியூக்கி கற்ற பாடத்தைக் கார் உலகமும் தன் பங்குக்குக் கற்க வேண்டியிருந்தது.

இன்று டர்போசார்ஜர் நமக்கு அயலானதன்று. சென்னையை அடுத்த பையனூரிலேயே அது தயாராகிறது. அடையாற்றிலும் மயிலையிலும் ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் அது உண்டு. இதைக் கண்டு, டர்போ இல்லாத தம் பழைய காருக்கும் ஒன்றைப் பூட்டிவிட்டால் போதும் என எண்ணும் இளைஞர் உளர். அது போதாது. அமுக்கிய காற்று சூடாகும். அதைக் குளிர்விக்கத் தனிக் கருவி வேண்டும். காற்றுக்கு ஏற்ப எரிபொருளைக் கூட்ட வேண்டும். தீப்பொறி எழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ள வேண்டும். உருளையின் அமுக்க விகிதத்தைக் குறைக்க நேரலாம். அழுத்தம் எல்லை மீறாதபடி உபரி வாயுவை விலக்கிவிடும் வால்வும் தேவை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அதன் அச்சு எண்ணெய்ப் படலத்தின் மீதே மிதக்கிறது. நெடுந்தூரம் விரைந்தோடிய வண்டியை நிறுத்தியவுடனே என்ஜினை அணைத்தால், அந்த எண்ணெய் கருகிக் கரியாகும். ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைப்பதே நன்று.

கடன் வாங்கி வேன் ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு என்ஜின் பழுதாவது என்பது, ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைவதாகும். அவருக்கு வேண்டியது ஒருநாள் வேகமன்று. நாள்தோறும் தவறாத ஓட்டம்.

பியூக்கிக்கு எண்ணம் உதித்தது இருபத்தாறு வயதில். அதை நம்பத்தக்கதாக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. திறனைக் கூட்டுவது எளிது; கூட்டிய திறனைத் தாங்கச் செய்வதே அரிது. அந்த அரிய பணிக்கு வாழ்நாளை ஈந்த பியூக்கியின் பொறுமையை, சோதனைச் சாலையில் ஒருமுறை விடை தவறினாலே சோர்ந்துவிடும் நாமும் கற்றுக்கொள்வோமாக!