டிக்கன்ஸ் தட்டிய கதவு

1824 பெப்ரவரி. இலண்டனில் பேக்கரிக்காரர் ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய 40 பவுண் சொச்சக் கடனுக்காக ஜோன் டிக்கன்ஸ் மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டார். அந்த நாட்களில் அவருடைய 12 வயது மகன் சார்ள்ஸ், சப்பாத்து மைத் தொழிற்சாலையொன்றில் லேபல் ஒட்டிக்கொண்டிருந்தான். வாரக்கூலி 6 ஷில்லிங்.

ஒருநாள் வேலைத்தளத்தில் அவனுக்கு விலாவில் கடும் வலி. கூட வேலைசெய்த பொப் ஃபேகின், மைப் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி ஒத்தடம் கொடுத்தான். மாலையில் வீடுவரை கொண்டுபோய் விடவும் புறப்பட்டான். குடும்பமோ சிறைக்குள். சதக் பாலத்தருகே முன்பின் தெரியாத வீடொன்றின் படியில் நின்று, இதுதான் எங்கள் வீடு என்று சார்ள்ஸ் அவனை அனுப்பிவைத்தான். திரும்பிப் பார்த்துவிட்டால்? கதவையும் தட்டினான். திறந்த பெண்ணிடம், ஃபேகின் இங்கேயா இருக்கிறார் என்று கேட்டான்!

டிக்கன்ஸைப் பற்றி வாசித்தவற்றில் என்னை விடாமல் தொடர்வது இந்தக் கதவுதான்.

உதவி கேட்கிறவன் சோம்பேறி என்ற எண்ணத்தோடு 1834இல் புதிய ஏழைகள் சட்டம் வந்தது. ஏழை விடுதிகளில் கணவன், மனைவி, பிள்ளைகள் தனித்தனியே பிரிக்கப்பட்டார்கள். 1837இல் தொடராக வரத் தொடங்கிய ‘ஒலிவர் ட்விஸ்ட்’ அதைத்தான் தாக்கியது. ஆனால் அந்த நாவலில் பிள்ளைகளைத் திருடப் பழக்குகிறவனின் பெயர் ஃபேகின். ஒத்தடம் கொடுத்தவனின் பெயர்! இதை என்னால் இன்னும் சமாதானமாக ஏற்க முடியவில்லை.

ஏழைகளுக்காக அவ்வளவு எழுதியவர், தன் தொழிற்சாலை நாட்களைப் பகிரங்கமாகச் சொல்லவேயில்லை. 1870இல் அவர் இறந்த பிறகு, நண்பர் ஜோன் ஃபோஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வாசகர்கள் அதை அறிந்தார்கள்.