வேலி அறியாத காடை: நில உரிமையாளர்களைக் கைகோக்க வைத்த ஆல்டோ லியோபோல்ட்

காடைக்குப் பட்டா எல்லை தெரியாது. ஒருவர் நிலத்தில் முட்டையிடும், அடுத்தவர் நிலத்தில் இரை தேடும், பனிக்காலத்தில் மூன்றாமவரின் புதரில் ஒதுங்கும். அந்தப் புதரை வெட்டிவிட்டால் கதை முடிந்தது. அப்படியானால் தனியார் நிலத்துக் காட்டுயிர்களை யார் காப்பாற்றுவது? இதற்கு விடை தேடியவர் அமெரிக்காவின் ஆல்டோ லியோபோல்ட்.

யார் இவர்?

1887-ல் அயோவா மாநிலத்தின் பர்லிங்டனில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்து, 1909-ல் வனத்துறையில் சேர்ந்தார். அரசுக் காட்டில் உத்தரவு போட்டால் வேலை நடக்கும். 1924-ல் அவர் குடியேறிய விஸ்கான்சினின் தென்பகுதியிலோ நிலமெல்லாம் விவசாயிகள் கையில். அவர்கள் மனசு வைக்காமல் எதுவும் நடக்காது.

ரைலி கிராமத்து ஒப்பந்தம்

1931-ல் வேட்டைக்கு இடம் தேடிப் போனபோது, ரைலி என்ற ஊரில் ஒரு விவசாயியைச் சந்தித்தார். நகரத்து ஆட்கள் கேட்காமலேயே நிலத்தில் புகுந்து சுடுகிறார்கள், பறவைகளும் குறைந்துவிட்டன என்பது அவரது குறை. இருவரும் பேசியதில் ஒரு கூட்டுறவு பிறந்தது. நிலமும் உழைப்பும் விவசாயிகளுடையது, செலவில் பங்கு நகரத்தாருடையது, வேட்டை இருவருக்கும் பொது. பனிக்காலத்தில் பறவைகளுக்குத் தீனி வைத்தார்கள், மரங்களும் புதர்களும் நட்டார்கள், அத்துமீறி நுழைபவர்களைத் தடுத்தார்கள். சுமார் 1,700 ஏக்கரில் ஆண்டுக்கணக்கில் இது நடந்தது.

எங்கே சறுக்கியது?

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. 1937-ல் விஸ்கான்சின் அரசு மண்வளப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. தொழில்நுட்ப உதவி இலவசம், இயந்திரமும் இரவல் கிடைக்கும். நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்ற விதிகளை மட்டும் விவசாயிகளே எழுதிக்கொள்ள வேண்டும். உதவியை வாங்கிக்கொண்டார்கள். பத்தாண்டு ஆகியும் ஒரு மாவட்டம்கூட ஒரு விதியையும் எழுதவில்லை. உடனடி லாபம் தரும் முறைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஊருக்குப் பொதுவான நன்மைகளைக் கைவிட்டார்கள் என்று லியோபோல்ட் வருந்தினார். காசும் சட்டமும் போதாது, நிலத்தின் மீது ஒரு கடமை உணர்வும் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அதைத்தான் ‘நில அறம்’ என்றார்.

கடைசி நாள்

ஊருக்குச் சொன்னதைத் தானும் செய்தார். 1935-ல் விஸ்கான்சின் ஆற்றோரம் சாரமிழந்த ஒரு பண்ணையை வாங்கி, குடும்பத்தோடு ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை நட்டார். 1948 ஏப்ரல் 21 அன்று பக்கத்துப் பண்ணையில் புல்லில் தீப்பிடித்தது. அணைக்க ஓடியவர் மாரடைப்பில் இறந்தார். வயது 61. நில அறம் பற்றிய கட்டுரை இடம்பெற்ற அவரது புத்தகம் மறு ஆண்டுதான் வெளிவந்தது.

1960-களின் பிற்பகுதியில் அவரது பண்ணையைச் சுற்றியிருந்த நில உரிமையாளர்கள் கூடிப் பேசி, தங்கள் நிலங்களையும் சேர்த்து ஒரே காப்பிடமாகப் பராமரிக்க ஒப்புக்கொண்டார்கள். யாரும் நிலத்தை எழுதிக்கொடுக்கவில்லை. அவரவர் நிலம் அவரவருக்கே, பராமரிப்பு மட்டும் பொது.