பிறர் வரைந்த கோடுகள்

விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கிலப் படநூல்களைப் புரட்டுவோர், சித்திரங்களின் அடிமூலையில் ‘டால்சீல்’ என்னும் சிறு கையொப்பத்தை மீண்டும் மீண்டும் காண்பர். ஓவியர் வரைந்ததை மரத்தில் செதுக்கி அச்சுக்குத் தந்த ஒரு குடும்பத்தின் பெயர் அது. அத்தொழிலைத் தொடங்கி நடத்தியவர் ஜார்ஜ் டால்சீல்.

ஜார்ஜ் 1815 டிசம்பர் முதல் நாள் நார்தம்பர்லாந்தின் ஊலர் என்னும் ஊரில் பிறந்தார். வளர்ந்தது நியூகாசிலில். மரச்செதுக்குக்குப் புத்துயிர் அளித்த தாமஸ் பியூவிக் தொழில் செய்த நகரம் அது. 1835இல் லண்டன் சென்று சார்லஸ் கிரே என்பாரிடம் தொழில் பயின்றார். 1839இல் தம்பி எட்வர்டு வந்து பங்காளியானார். பின்னர்த் தங்கை மார்கரெட்டும், தம்பியர் ஜான், தாமஸ் ஆகியோரும் சேர்ந்தனர். 1857இல் ‘கேம்டன் பிரஸ்’ என்னும் சொந்த அச்சகமும் உண்டாயிற்று.

இத்தொழிலின் தன்மையை அறிந்தாலன்றி இவர்தம் வாழ்வு விளங்காது. பாக்ஸ் மரத்தைக் குறுக்கே அறுத்து, வழவழப்பாக்கி, வெண்மை பூசுவர். ஓவியர் அதன்மேல் இடவலம் மாற்றி வரைவார். செதுக்குபவர் கோடுகளை மட்டும் நிறுத்தி, இடையிலுள்ள மரத்தையெல்லாம் உளியால் அகற்றுவார். ஈய எழுத்துகளோடு ஒரே சட்டத்தில் பூட்டி அச்சிடலாம் என்பதே இந்த பிளாக்கின் பெருஞ்சிறப்பு. ஆனால், செதுக்கி முடிந்ததும் மூல ஓவியம் அழிந்துவிடும். ஓவியர் கை எப்படி ஓடிற்று என்பதற்குச் செதுக்கியவர் வேலை ஒன்றே சாட்சி. பிணக்கு எழாமல் இருக்குமா? கவிஞரும் ஓவியருமான ரோசெட்டி, 1855இல் வில்லியம் ஆலிங்கத்தின் கவிதை நூலுக்குத் தாம் வரைந்த படம் சிதைந்துவிட்டதென்று மனம் நொந்தார். எனினும் 1857இல் வெளிவந்த டென்னிசன் கவிதை நூலுக்கு அவர் வரைந்த படங்கள் சிலவும் டால்சீல் குடும்பத்தார் கையிலேயே உருப்பெற்றன.

மில்லே என்னும் ஓவியரிடம் ஜார்ஜும் எட்வர்டும் காட்டிய பொறுமை வணிகருக்கு அரிது. இயேசுவின் உவமைக் கதைகளுக்கு 1857இல் முப்பது படங்கள் கேட்டனர். ஆண்டுகள் பல காத்திருந்து கிடைத்தவை இருபது. 1864இல் நூலாக வந்த அவை மரச்செதுக்குக் கலையின் உச்சம் எனலாம். மறு ஆண்டு, டெனியல் வரைந்த ‘ஆலிஸ்’ கதையின் 42 படங்களையும் இவர்களே செதுக்கினர். அந்நூலின் முதற்பதிப்பு அச்சு சரியில்லையென்று திரும்பப் பெறப்பட்டது; குறை அச்சிட்டவரது, செதுக்கியவரதன்று.

1860களில் தொடங்கிய விவிலியப் படத்தொகுதி 1880 இறுதியில்தான் 62 படங்களோடு வெளிவந்தது. லெய்டன், பர்ன்-ஜோன்ஸ், ஹோல்மன் ஹண்ட் போன்றோர் வரைந்தும் விலைபோகவில்லை. அதற்குள் காலம் மாறிவிட்டது. ஓவியத்தைப் புகைப்பட முறையில் நேரே உலோகத் தகட்டுக்கு மாற்றும் வழி பரவியதும் உளிக்கு வேலை குறைந்தது. 1893இல் நிறுவனம் நொடித்தது.

பிறர் கோடுகளுக்கே வாழ்நாளைக் கொடுத்த ஜார்ஜ், முதுமையில் தம் பெயரில் கவிதைகள் வெளியிட்டார். ‘மாட்டி கிரே’ 1891இலும், மற்றொரு தொகுதி 1898இலும் வந்தன. அவற்றை இன்று படிப்பவர் இலர். 1901இல் எட்வர்டுடன் சேர்ந்து ஐம்பதாண்டுத் தொழில் நினைவுகளை எழுதி, மறு ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் மறைந்தார்.

தாங்கள் செதுக்கியவற்றின் மாதிரி அச்சுகளைக் குடும்பத்தார் ஆண்டுதோறும் ஒட்டி வைத்திருந்தனர். 49 பெருந்தொகுதிகளில் ஏறத்தாழ 54,000 படங்கள். அவற்றை 1913இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. ஜார்ஜ் செதுக்கியது எது, 1894இல் மறைந்த மார்கரெட் செதுக்கியது எது, கூலிக்கு அமர்ந்த இளைஞர் செதுக்கியது எது என்று கையொப்பத்தைக் கொண்டு பிரித்தறிய இயலாது. எல்லாவற்றின் கீழும் இருப்பது அதே ‘டால்சீல்’.